தறிச்சத்தத்துலயும் தியானம் உக்காரலாமுங்க

தியானம்னா ஆளில்லாத எடம் வேணும், மலையடிவாரம் வேணும், மனசுல ஒண்ணுமே ஓடக்கூடாதுன்னு நெனச்சே நம்ம பக்கம் பாதிப்பேரு ஆரம்பிக்காமயே விட்டுடறாங்க. சோமனூர் பல்லடம் பக்கம் தறிக்குடோன ஒட்டி குடியிருக்கறவங்க அமைதிக்கு எங்க போவாங்க, திருப்பூர்ல சிப்மென்ட் டைம்ல வீட்டுக்கு வந்து சேரவே நடுராத்திரி ஆயிருது, இதுல எங்கீங்க கண்ண மூடறதுன்னு கேக்கறது நியாயந்தான். ஆனா மனசு ஓடத்தான் செய்யும், அது எங்கியோ போயிருச்சுன்னு தெரிஞ்சதும் திரும்பக் கூட்டியாரணும், அந்தக் கூட்டியார்ற வேலைக்குப் பேர்தான் தியானம். அதுக்கு எந்த எடமா இருந்தாலும் போச்சாது.

மொதல்ல நேரத்த முடிவு பண்ணிக்கோங்க. மாடு வெச்சிருக்கறவங்க வெடியால பால் கறந்து சொசைட்டிக்கு ஊத்திட்டு வந்த கையோட உக்காரலாம், ஷிஃப்டுக்கு போறவங்க கெளம்பறதுக்கு முன்னாடி உக்காரலாம், வீட்டு வேலை பாக்கற பொம்பளைங்களுக்கு எல்லாரும் கெளம்பிப் போன பின்னாடி கெடைக்கற சித்த நேரம்தான் தோது. எந்த நேரமா இருந்தாலும் தெனமும் ஒரே நேரமா இருக்கட்டும், ஏன்னா நாலு நாள்ல ஒடம்பே ஞாபகப்படுத்த ஆரம்பிச்சுரும். வயிறு நெறைய சாப்ட்ட ஒடனே வேண்டாம், தூக்கம் சொக்கும், ஒரு ரெண்டு மணி நேரமாவது போகட்டும்.

ஆசாரத்துலயோ திண்ணைலயோ ஒரு போர்வைய மடிச்சுப் போட்டு உக்காருங்க. சம்மணம் போட்டே ஆகணும்னு சட்டமில்ல, முட்டி வலிக்குதுன்னா சேர்ல உக்காந்து ரெண்டு பாதத்தையும் தரைல படிய வெச்சுக்கோங்க, முதுகு நேரா இருக்கணும் ஆனா வெறப்பா இருக்கக்கூடாது. போன சைலண்ட்ல போட்டு வேற ரூம்ல வெச்சுருங்க (பக்கத்துல வெச்சா கை தானா போகும்). மொதல் வாரம் 5 நிமிசம் போதும், அப்பறம் 10, முடிஞ்சா 20.

கண்ண மூடி மூச்ச கவனிங்க, மூக்கு நுனில காத்து உள்ள போறப்ப சித்த சில்லுன்னும் வெளிய வர்றப்ப வெதுவெதுன்னும் இருக்கும், அந்த எடத்துலயே நில்லுங்க. மூச்ச இழுத்துப் புடிக்க வேண்டாம், வெளிய விடறத மட்டும் கொஞ்சம் நிதானமா விடுங்க. சும்மா இருக்கறப்ப பெரியவங்க நிமிசத்துக்கு 12லருந்து 20 தடவ மூச்சு விடறோம், அது மெதுவாகி வெளிமூச்சு நீளமாச்சுன்னா வேகஸ்ங்கற நரம்பு வழியா இதயத் துடிப்பும் கொறையும், அதனாலதான் உக்காந்த கொஞ்ச நேரத்துல தோள்பட்டை தானா எறங்குது. ஒவ்வொரு வெளிமூச்சுக்கும் ஒண்ணு ரெண்டுன்னு 10 வரைக்கும் எண்ணி மறுபடி ஒண்ணுல ஆரம்பிங்க. நாலு எண்றதுக்குள்ள மஞ்ச வெலை, சீட்டுப் பணம், மச்சாண்டார் வீட்டுக் கல்யாணம்னு மனசு ஓடிரும். ஓடுனத நெனச்சு வெசனப்படாதீங்க, உங்கள நீங்களே திட்டிக்கவும் வேண்டாம், மறுபடி ஒண்ணுன்னு ஆரம்பிங்க. 10 நிமிசத்துல முப்பது தடவ திரும்பி வந்தீங்கன்னா முப்பது தடவ பயிற்சி பண்ணிருக்கீங்கன்னு அர்த்தம், எனக்கு தியானம் வரமாட்டேங்குதுன்னு சொல்றவங்க நெறையப் பேரு நல்லாத்தான் பண்ணிட்டிருக்காங்க.

தறிச்சத்தம் கேக்குதா, அதோட மல்லுக்கட்டாதீங்க, மூச்ச கவனிக்கறத விட்டுட்டு அந்தச் சத்தத்தயே கவனிங்க. கண்ண மூடிக் கேட்டா ஒவ்வொரு தறிக்கும் ஒரு தாளம் இருக்கறது தெரியும், எந்தத் தறி நிக்குது எது ஓடுதுன்னு பேர் வெக்காம காதுல விழறத விழ விடுங்க, அதுவும் தியானந்தான்.

என்ன பிரயோஜனம்னா, 2014ல அமெரிக்காவுல ஒரு பெரிய மருத்துவப் பத்திரிகைல 47 ஆய்வுகள ஒட்டுக்கா அலசிப் போட்டாங்க, மொத்தம் 3,500 பேருக்கு மேல, பதட்டம், மனச்சோர்வு, வலி மூணும் ஓரளவு கொறையுதுன்னு தெரிஞ்சுது. ஓரளவுதான், எல்லா நோயும் பறந்துரும்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க. பிபி மாத்தர சுகர் மாத்தரைய தியானத்த நம்பி நிறுத்தவே கூடாது. கண்ண மூடுனா பயமோ படபடப்போ எச்சாகுதுன்னா கண்ணத் தொறந்து எந்திரிச்சு நடங்க, தொடர்ந்து அப்படியே இருந்தா மனநல டாக்டர பாருங்க, ஏற்கனவே அதுக்கு மருந்து சாப்பிடறவங்க டாக்டர கேட்டுட்டு ஆரம்பிக்கறது நல்லது. என் கண்ணுக்குப் பெருசாத் தெரியற பலன் கோவத்துலதான், பேச்சு வாய்லருந்து விழறதுக்கு முன்னாடி ஒரு நொடி கெடைக்கும், குடும்பத்துல அந்த ஒரு நொடி எவ்வளவோ சண்டைய நிறுத்தும்.

தனியா வரலைன்னா கூட்டத்தோட உக்காருங்க. வேதாத்திரி மகரிஷி தறி நெய்யற குடும்பத்துல 1911ல பொறந்தவரு, குடும்பத்துல இருந்துகிட்டே பழகற மாதிரிதான் மனவளக்கலைங்கற தியானப் பயிற்சிய சொல்லித்தந்தாரு, பொள்ளாச்சி பக்கம் ஆழியாறுல அறிவுத்திருக்கோயில் இருக்கு, நம்ம பக்கம் நெறைய ஊர்ல மனவளக்கலை மன்றமும் இருக்கு. வெள்ளியங்கிரி அடிவாரத்துல ஈஷாவும் இருக்கு. விபாசனாங்கற தியான வகுப்பு வேணும்னா 10 நாள் பேசாம இருக்கணும், அத மொதல்லயே எடுக்காதீங்க, வீட்ல கொஞ்ச மாசம் உக்காந்து பழகிட்டு போங்க.

சங்ககிரி, திருச்செங்கோட்டு லாரிக்கார அண்ணன்மாருக்கு ஒண்ணு, வண்டி ஓட்டறப்ப தியான ஆடியோ போட்டுக் கேக்கவே கேக்காதீங்க, கண்ணு சொக்கும். லோடு எறக்க காத்திருக்கற நேரத்துல எஞ்சின ஆஃப் பண்ணிட்டு சீட்ல நேரா உக்காந்து 5 நிமிசம் பண்ணுங்க, முடிஞ்சதும் எறங்கி மூஞ்சி கழுவி நாலு எட்டு நடந்துட்டு அப்பறம் ஸ்டியரிங்க புடிங்க.