குதிகால்களுக்கு அனுமதி இல்லை

கானாடுகாத்தான் பக்கம், சுற்றுலாப் பயணிகளுக்குத் திறந்துவிட்டிருக்கும் பழைய வீடு ஒன்று. ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் கீறல் விழுந்துவிடக் கூடாதே என்று முகப்பில் பலகை வைத்திருந்தார்கள். ஆங்கிலத்தில் ‘நோ ஹீல்ஸ்’. அதன் கீழே தமிழில் ‘குதிகால்களுக்கு அனுமதி இல்லை’. நுனிக்காலில்தான் உள்ளே போக வேண்டும் போலிருக்கிறது! குதி உயர்ந்த செருப்பு என்று எழுதியிருக்கலாம். ‘ஹை ஹீல்ஸ்’ என்றே விட்டிருந்தாலும் எல்லோருக்கும் புரிந்திருக்கும்.

சிரிக்க எனக்குத் தகுதி இல்லை. நகரத்தார் எனப்படும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் பற்றிய சிறு நூலொன்றை முன்பு மொழிபெயர்த்தபோது, ‘வெல் ஹீல்டு’ வணிகர்களை ‘உறுதியான குதிகால் கொண்ட வணிகர்கள்’ ஆக்கியவன் நான். படித்துப் பார்த்த ஆச்சி ஒருவர், “தம்பி, எங்கள் அப்பச்சிக்கு ஆயுள் முழுக்கப் பித்தவெடிப்பு. அந்தக் காலை வைத்துக்கொண்டா ரங்கூனில் சம்பாதித்தார்?” என்று கேட்டார்.

அந்தத் தொடருக்கு வசதி படைத்தவர், பசையுள்ளவர் என்று பொருள். அது சேவற்சண்டையிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். நம்மிடம் கத்திக்கால், வெற்றுக்கால் என்று இருக்கிறதல்லவா? சேவல் காலில் முள் பூட்டுவதை ஆங்கிலேயர் ‘ஹீல்’ என்ற வினையால் சொன்னார்கள். 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் அது துப்பாக்கி வைத்திருப்பவனைக் குறித்தது. பிறகு பணம் வைத்திருப்பவனைக் குறித்தது. இதற்கு எதிர்ச்சொல் போலத் தோன்றும் ‘டவுன் அட் ஹீல்’ வேறு வழியில் பிறந்தது. செருப்பின் குதி தேய்ந்தும் மாற்ற முடியாத ஏழை அவன்.

பர்மா பயணக் குறிப்புகளைப் படிப்பவர்கள் இன்னொரு இடத்தில் சறுக்குவார்கள். காற்றில் கப்பல் ‘ஹீல்’ ஆனது என்றால் ஒருபக்கமாகச் சாய்ந்தது என்று பொருள். அதற்கும் காலுக்கும் உறவே இல்லை. பழைய ஆங்கிலத்தில் சாய்வதைக் குறித்த தனிச்சொல் கடைசி எழுத்தை இழந்து, குதிகாலின் உருவத்தை எடுத்துக்கொண்டது. சரக்கு ஒருபுறம் சேர்ந்து கப்பல் நிலையாகச் சாய்ந்து நின்றால் அதை ‘லிஸ்ட்’ என்பார்கள். இரண்டையும் குழப்ப வேண்டாம்.

மரபுத்தொடர்களில்தான் அவசரப்படக் கூடாது. ஆங்கிலக் குதிகாலுக்குத் தமிழிலும் கால் உண்டு, ஆனால் அது வேறு கால். குதிகாலை மண்ணில் ஊன்றி அடம்பிடிக்கும் ஆங்கிலேயன் நம் ஊரில் ஒற்றைக்காலில் நிற்பான். குதிகாலிடம் தஞ்சம் புகுந்து ஓடுபவன், பின்னங்கால் பிடரியில் பட ஓடுவான். வங்கி வாசலில் குதிகாலை ஆறவைப்பவர் இங்கே கால்கடுக்கக் காத்திருப்பவர். ஒருவரின் பலவீனமான இடத்தைச் சொல்லும் ‘அக்கிலீசின் குதிகால்’ மட்டும் விதிவிலக்கு. அக்கிலீஸ் கிரேக்கக் கதைகளின் வீரன். காயம் படாத உடலுக்காகக் குழந்தையை ஸ்டிக்ஸ் ஆற்றில் முக்கியபோது, தாய் பிடித்திருந்த அந்த இடத்தில் மட்டும் நீர் படவில்லை என்பது கதை. கதை தெரிந்த வாசகருக்கு அப்படியே விடலாம்; இல்லையென்றால் துரியோதனன் தொடை கைகொடுக்கும்.

விருந்தினர் ரொட்டியின் ‘ஹீல்’ கேட்டால் ஓரத்துண்டைக் கொடுங்கள். மல்யுத்தத்தில் ‘ஹீல்’ என்றால் வில்லன். நாயிடம் சொன்னால், என்னை ஒட்டி நட என்று பொருள். இதை மட்டும் மொழிபெயர்க்கவே வேண்டாம். நாய்க்குப் புரிந்தால் போதும்.