வெறுங்கையால் பேயை அடிப்பதற்கு முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில், அதாவது பகடை உருட்டிக் கதை நடத்தும் மேஜை விளையாட்டில், பேய் வந்துவிட்டால், சென்னை மேஜைகளில் யாராவது ஒருவர் "இங்கே வேப்பிலை கிடைக்குமா?" என்று கேட்டுவிடுவார். கதை, பேய் உலவுவதாகச் சொல்லப்படும் அடையாறு உடைந்த பாலத்தில் நடந்தால் சொல்லவே வேண்டாம். விதிப்புத்தகத்தில் வேப்பிலை இல்லை. உடனே அடுத்தவர், "சரி, நான் குத்துறேன்" என்பார். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

பலசாலி குத்தினால் பேய் சாயும் என்று நம்புவது முதல் தவறு. இன்னும் பலர் ஆடும் 2014 விதிகளையே எடுத்துக்கொள்வோம். சாதாரண குத்தின் சேதம் 1, அதோடு ஸ்ட்ரென்த் மாடிஃபையர் (உடல் வலு எண்ணிலிருந்து கிடைக்கும் கூடுதல்). ஸ்ட்ரென்த் 16 உள்ள ஃபைட்டருக்கு (போர்வீரர்) அது 3, மொத்தம் 4. மாயமில்லாத அடி கோஸ்ட் என்ற பேய்க்குப் பாதிதான் உறைக்கும், ஆக 2. கோஸ்ட்டுக்கு 45 ஹிட் பாயின்ட் (உயிர்ப்புள்ளி). 23 குத்து விழவேண்டும். அது நம்மைத் தொடும் ஒவ்வொரு முறையும் சராசரியாக 17 போகும். கணக்கைப் பார்த்தாலே போதும், ஓடிவிடலாம்.

ஆயுதத்தை மாய ஆயுதமாக்கும் மேஜிக் வெப்பன் ஸ்பெல்லைக் கையில் போட்டுக்கொள்ளலாம் என்பார்கள். அந்த ஸ்பெல் ஆயுதத்துக்கு மட்டும்தான். விதிப்படி கை ஆயுதமில்லை. மாங்க், அதாவது வெறுங்கையால் சண்டையிடும் துறவி, 6ஆம் லெவலை எட்டினால் அவருடைய குத்தே மாய அடியாகிவிடும், முழுச் சேதமும் இறங்கும். 2024 விதிகளில் அதே லெவலில் அந்தச் சேதத்தை ஃபோர்ஸ் (மாயவிசை) வகையாக மாற்றிக்கொள்ளலாம்.

பேயைக் கட்டிப்பிடிக்கவோ கீழே தள்ளவோ முயன்று ஒரு டர்னை வீணாக்காதீர்கள். இரண்டுமே கோஸ்ட்டிடம் பலிக்காது. ஆனால் அதை ஸ்டன் செய்ய, அதாவது திகைத்துச் செயலிழக்க வைக்க, தடையில்லை! 5ஆம் லெவல் மாங்க் ஒரு கீ (மாங்க்கின் சிறப்புச் சக்திப் புள்ளி) செலவழித்தால் ஸ்டன்னிங் ஸ்ட்ரைக் போடலாம். பேய்தானே, எதுவும் வேலை செய்யாது என்று நினைத்துப் பலர் கீயைப் பத்திரமாக வைத்துக்கொண்டே செத்துப்போகிறார்கள்.

என்னைக் கேட்டால் பெரிய ஆபத்து கோஸ்ட் அல்ல, நிழல் வடிவப் பேயான ஷேடோதான். 16 ஹிட் பாயின்ட்தானே என்று அலட்சியமாக எதிரே போய் நிற்பார்கள். அது தொடும் ஒவ்வொரு முறையும் 1 முதல் 4 வரை ஸ்ட்ரென்த் குறையும். பூஜ்யமானால் மரணம், சேவிங் த்ரோ (தப்பிக்கப் போடும் பகடை) கிடையாது. மாங்க் ஆடுபவர்கள் டெக்ஸ்டெரிட்டியையும் (சுறுசுறுப்பு) விஸ்டமையும் (விவேகம்) ஏற்றுவதற்காக ஸ்ட்ரென்த்தை 8 அல்லது 10இல் விட்டுவிடுவது வழக்கம். ஸ்ட்ரென்த் 8 என்றால் பகடை கைவிட்டால் இரண்டே தொடுதலில் கதை முடியும். ஓய்வெடுத்தால் போன ஸ்ட்ரென்த் திரும்பிவிடும். அதற்கு உயிரோடு இருக்கவேண்டும். மாங்க் ஒரு குத்து விட்டதும் விலகிப்போவது நல்லது.

கடைசியாக, நண்பர் மேல் கோஸ்ட் ஏறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். எல்லோரும் வாளை உருவுவார்கள். இங்கேதான் வெறுங்கைக்கு வேலை. உடம்பு 0 ஹிட் பாயின்ட்டுக்கு வந்தால் பேய் வெளியேறும். கைகலப்பு அடியால் 0 ஆனவரைக் கொல்லாமல் மயக்கம் போடவைக்கலாம். குத்தின் சேதம் சின்னது என்பதால், 0ஐத் தாண்டி அதிகமாக அடித்து ஆளையே கொன்றுவிடும் பயமும் குறைவு. பேய்க்கான பாதிச் சேதக் கணக்கும் இங்கே இல்லை, அடி வாங்குவது நண்பர் உடம்புதானே. வெளியே வந்த கோஸ்ட் அதே ஆள் மேல் 24 மணி நேரத்துக்கு ஏறமுடியாது. பக்கத்தில் நிற்கும் வேறொருவர் மேல் ஏறலாம். ஐந்தடிக்குள் இருப்பவரைத்தான் அதனால் பிடிக்கமுடியும். பேய் ஏறுவதை எதிர்க்க உதவும் கரிஸ்மா (ஆளுமை) குறைந்தவரை முதலிலேயே தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.