கையைக் கடிக்காமல் 40 பேருக்கு வீட்டில் விருந்து

வீட்டில் பெரிய கூட்டத்துக்குச் சாப்பாடு போடப் போகிறோம் என்றதும் பெரும்பாலானவர்கள் உட்கார்ந்து எழுதுவது அயிட்டங்களின் பட்டியல். நான் முதலில் எழுதுவது ஆட்களின் பட்டியல். யார் யார் வருகிறார்கள், குழந்தைகள் எத்தனை, அசைவம் தொடாதவர்கள் எத்தனை, யாருக்கு நிலக்கடலை ஒத்துக்கொள்ளாது, யாருக்குப் பால் ஆகாது. இந்தத் தாள் இல்லாமல் கடைக்குப் போனால் பை நிறையும், பர்ஸ் காலியாகும், எது போதும் எது பத்தாது என்பது மட்டும் தெரியாது.

எங்கள் சொந்தத்தில் யார் வீட்டில் கூட்டம் சேர்ந்தாலும் அடுப்படி என்னிடம்தான் வரும். சமைத்துச் சமைத்து எனக்கு உறுதியாகிப்போன விஷயம் இது: ஆட்கள் கூடுவதைவிட அயிட்டங்கள் கூடும்போதுதான் செலவு எகிறுகிறது. ஒவ்வோர் அயிட்டத்துக்கும் ‘பத்தாமல் போய்விடுமோ’ என்று கொஞ்சம் சேர்த்துப் போடுவோம். எட்டு அயிட்டம் என்றால் எட்டு இடத்தில் அந்தக் கூடுதல். வருகிறவர்களோ எல்லாவற்றிலும் ஒரு கரண்டி ருசி பார்ப்பார்கள், எதையும் மனம்விட்டுச் சாப்பிட மாட்டார்கள். கடைசியில் எட்டுப் பாத்திரத்தின் அடியிலும் மிச்சம் நிற்கும். அதனால் நாலே அயிட்டம், நாலும் நன்றாக. கூடுதலாகப் போடுவதையும் விலை குறைந்தவற்றில் மட்டும் போடுங்கள். சோறு, ரொட்டி, பயறு, கிழங்கு இவற்றில் பத்து சதவீதம் சேர்த்துக்கொள்ளலாம். இறைச்சியில் தலைக்கு இவ்வளவு என்று எண்ணி வாங்குங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

40 பேரை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். 30 பெரியவர்கள், 10 குழந்தைகள். குழந்தைக்கு அரைச் சாப்பாடு என்று வைத்தால் மொத்தம் 35 முழுச் சாப்பாடு. பதின்வயதுப் பிள்ளைகளைக் குழந்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள். வளர்கிற வயது, பெரியவர்களைவிட நன்றாகவே சாப்பிடுவார்கள்.

சோறு, கொண்டைக்கடலைக் குழம்பு, வறுத்த உருளைக்கிழங்கு, கோழி. இவை நாலுதான் அடுப்பில் ஏறுபவை. இவற்றோடு பச்சைக் காய்கறி நறுக்கி வைத்தால் போதும். குழம்பும் கிழங்கும் கூட இருக்கும்போது ஆளுக்கு 90 கிராம் அரிசி தாராளம். 35 பேருக்கு 3 கிலோவுக்குக் கொஞ்சம் மேல், கூடுதலையும் சேர்த்து மூன்றரைக் கிலோ. வெந்தால் 9 கிலோவுக்கு மேல் சோறாகிவிடும். கடலை ஆளுக்கு 40 கிராம், மொத்தம் ஒன்றரைக் கிலோ. டின்னில் அடைத்து விற்கும் வெந்த கடலையை வாங்காதீர்கள். காய்ந்த கடலையை முந்தின இரவே ஊறப்போட்டால் வெந்ததும் இரண்டு மடங்குக்கு மேல் எடை கூடும், அந்த எடை வெறும் தண்ணீர், அதற்குக் கடையில் காசு கொடுப்பானேன்? உருளைக்கிழங்கு தோலோடு நாலரைக் கிலோ. வெள்ளரியும் கேரட்டுமாக 2 கிலோ.

கோழிக்கு நான் கணக்குப் போடும் விதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பணம் போகும் இடம் அது. 35-இல் 7 பேர் அசைவம் தொடாதவர்கள் என்று வைத்துக்கொள்வோம். மீதி 28 பேருக்கு எலும்போடு தலைக்கு 150 கிராம் என்றால் 4 கிலோ 200 கிராம். எலும்பில்லாத நெஞ்சுக்கறியாக வாங்கினால் செலவு கூடும். எலும்போடு வாங்கினால் விலையும் குறைவு, வேகும்போது சாறும் நன்றாக இறங்கும். வெட்டித் தருபவரிடம் துண்டு சுமார் 75 கிராம் இருக்கட்டும் என்று சொல்லிவிடுங்கள். 56 துண்டு வரும், ஆளுக்கு இரண்டு. பெரிய துண்டாக வெட்டினால் ஒருவர் இரண்டு எடுக்க, பின்னால் வருபவருக்கு ஒன்றும் இருக்காது. சின்னத் துண்டாக வெட்டினால் எலும்பு உடைந்து சில்லுச் சில்லாகக் குழம்பில் கிடக்கும், குழந்தைகளுக்கு ஆபத்து.

பெரிய பாத்திரத்தில் எவ்வளவு குழம்பு இருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்வது கஷ்டம். அதற்காக நான் ஒரு மரக்கரண்டி வைத்திருக்கிறேன். ஒருநாள் ஓய்வாக இருக்கும்போது அந்தப் பாத்திரத்தில் லிட்டர் லிட்டராகத் தண்ணீர் ஊற்றி, ஒவ்வொரு லிட்டருக்கும் கரண்டிக் காம்பை நேராக நிறுத்தி, தண்ணீர் நிற்கும் இடத்தில் கத்தியால் ஒரு கீறல் போட்டேன். இப்போது குழம்பு கொதித்து இறங்கியதும் காம்பை உள்ளே விட்டால் ஏழாம் கீறல் வரை ஈரம். அப்படியென்றால் 7 லிட்டர். பரிமாறும் குழிக்கரண்டி 100 மில்லி பிடிக்கும். 70 கரண்டி, ஆளுக்கு இரண்டு, சரியாகப் போய்விட்டது. ஐந்தாம் கீறலோடு நின்றால் விருந்தினர் வாசலில் செருப்பைக் கழற்றும் முன்பே தெரிந்துவிடும், இன்னும் கொஞ்சம் கிழங்கை மசித்துப் போட்டு வெந்நீர் விட்டுக் கொதிக்கவைக்க நேரம் இருக்கும்.

நாலு பேருக்குச் சமைக்கிற அளவை அப்படியே பத்து மடங்காக்காதீர்கள். உப்பையும் காரத்தையும் ஏழெட்டு மடங்கில் நிறுத்தி, ருசி பார்த்துச் சேர்த்துக்கொண்டே போங்கள். போட்டதை எடுக்க முடியாது. தண்ணீரும் அதே மடங்குக்கு வேண்டாம். பாத்திரம் பெரிதாகும்போது உள்ளே இருக்கும் அளவோடு ஒப்பிட்டால் ஆவி போகும் மேல்பரப்பு சின்னது, அதனால் வற்றுவது குறைவு. அளவுத் தண்ணீர் வைத்துப் பெரிய பாத்திரத்தில் சோறாக்கினால் அடியில் குழைந்து மேலே விறைத்து நிற்கும். நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்துவிடுவதுதான் நம்பிக்கையான வழி. மூன்றரைக் கிலோவையும் ஒரே தடவையில் போடவும் வேண்டாம். வீட்டு அடுப்பின் தீ அவ்வளவு தண்ணீரைக் கொதிக்கவைக்கத் திணறும். இரண்டு தடவையாக வடியுங்கள். பின்னால் சாப்பிடுகிறவர்களுக்கும் சூடான சோறு கிடைக்கும்.

வெங்காயத்துக்கு வாய் அகன்ற பாத்திரம் வேண்டும். ஆழமான பாத்திரத்தில் இரண்டு கிலோவைக் கொட்டினால் அதன் தண்ணீரிலேயே அது வெந்து வெளுத்துக் கிடக்கும், சிவக்காது. சிவக்காத வெங்காயத்தில் வைத்த குழம்புக்கு எவ்வளவு மசாலா போட்டாலும் ருசி ஏறாது. இந்த வதக்கலை முந்தின நாளே முடித்து ஆறவைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் எடுத்து வையுங்கள். கடலைக் குழம்பையும் முந்தின நாளே வைத்துவிடலாம், மறுநாள் ருசி கூடத்தான் செய்யும். கோழியும் சோறும் கிழங்கும் அன்றைக்கே.

முந்தின நாள் சமைப்பதில் கவனிக்க வேண்டியது ஆறவைப்பது. கொதிக்கிற பெரிய பாத்திரத்தை அப்படியே குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்தால் நடுவில் இருப்பது மணிக்கணக்காகச் சூடாகவே இருக்கும், பெட்டிக்குள் இருக்கும் மற்ற பொருள்களும் சூடாகும். கழுவும் தொட்டியில் ஐஸ் தண்ணீர் நிரப்பி, பாத்திரத்தை அதில் இறக்கிக் கிளறுங்கள். பிறகு இரண்டு அங்குல உயரத்துக்கு மேல் போகாதபடி தட்டையான டப்பாக்களில் பிரித்து உள்ளே வையுங்கள். சமைத்த சாப்பாட்டில் கிருமி வேகமாகப் பெருகுவது 5 டிகிரிக்கும் 60 டிகிரி செல்சியஸுக்கும் இடையில். இரண்டு மணி நேரத்துக்கு மேல் அந்தச் சூட்டில் எதையும் விட்டுவைக்காதீர்கள், நல்ல வெயில் காலத்தில் ஒரு மணி நேரம்தான். சோற்றில் இன்னும் கவனம் தேவை. பேசிலஸ் சீரியஸ் என்கிற பாக்டீரியாவின் விதை போன்ற வித்துகள் சோறு வெந்த பிறகும் உயிரோடு இருக்கும், அது உண்டாக்கும் நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. 40 பேரை வீட்டுக்குக் கூப்பிட்டவருக்கு 40 பேர் வயிற்றின் பொறுப்பும் உண்டு.

பரிமாறும் மேசையில் எதை முதலில் வைக்கிறோம் என்பதிலும் செலவு இருக்கிறது. தட்டை எடுத்ததும் கைக்கு வருவதைத்தான் எல்லோரும் நிறையப் போட்டுக்கொள்வார்கள். சோறு, குழம்பு, கிழங்கு, காய்கறி, கடைசியில் கோழி. கோழிப் பாத்திரத்துக்கு மட்டும் பக்கத்தில் ஒருவர் நின்று எடுத்து வைக்கட்டும். எங்கள் வீட்டில் என் தம்பி நிற்பான். “இன்னொரு ரவுண்டு வாங்கக்கா, உங்களுக்கு எடுத்து வைக்கிறேன்” என்று அவன் சிரித்துக்கொண்டே இரண்டு துண்டு வைத்தால் யாருக்கும் குறையாகப் படாது. எல்லாவற்றையும் ஒரேயடியாக மேசைக்குக் கொண்டுவராமல் பாதியை அடுப்பில் சூடாக வைத்திருங்கள். மேசையில் தொடாதது மட்டும்தான் மறுநாளைக்கு ஆகும்.

குடிப்பதற்கு என்ன கணக்கு? முதல் ஒரு மணி நேரத்தில் ஆளுக்கு இரண்டு டம்ளர், அதற்குப் பிறகு மணிக்கு ஒன்று. நாலு மணி நேர விருந்தென்றால் ஐந்து டம்ளர், 200 மில்லி டம்ளரில் ஒரு லிட்டர். 30 பெரியவர்களுக்கு 30 லிட்டர், குழந்தைகளுக்கு அதில் பாதியாக 5 லிட்டர். இந்த 35-இல் பாதிக்கு மேல் வெறும் தண்ணீராகவே போகும், அதை நன்றாகக் குளிரவைத்து, எலுமிச்சையோ வெள்ளரியோ வட்டமாக நறுக்கிப் போட்டு, எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் வைத்தால். மூலையில் வைத்தால் சீண்ட ஆள் இருக்காது.

மீதிக்கு எலுமிச்சைச் சாறு. பாட்டில் பானங்களை 40 பேருக்கு வாங்குவதைவிட இது பல மடங்கு மலிவு. லிட்டருக்கு மூன்று நாலு பழம், 100 கிராம் சர்க்கரை. குளிர்ந்த தண்ணீரில் சர்க்கரை சீக்கிரம் கரையாது, அடியில் தங்கிவிடும், கடைசியில் குடிப்பவருக்கு வெறும் பாகுதான் கிடைக்கும். அதனால் சம அளவு சர்க்கரையும் தண்ணீரும் வைத்துச் சூடாக்கிக் கரைத்து ஆறவைத்துக்கொள்ளுங்கள். பழத்தை முந்தின நாளே பிழிந்து குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாம். தண்ணீர் சேர்ப்பது மட்டும் அன்றைக்கு.

ஐஸுக்குக் கடையில் காசு கொடுக்க வேண்டியதில்லை, ஒரு வாரம் முன்பே ஆரம்பித்தால். ஆளுக்கு அரைக் கிலோ என்றால் 20 கிலோ. அவ்வளவுக்கு ஃப்ரீசரில் இடமிருக்காது, பக்கத்து வீட்டு ஃப்ரீசரையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். டம்ளரில் போடுவதற்குச் சின்னக் கட்டிகள். பாட்டில்களைக் குளிரவைக்கும் தொட்டிக்குப் பழைய டப்பாக்களில் உறையவைத்த பெரிய கட்டிகள், அவை மெதுவாக உருகும். தொட்டியில் ஐஸை மட்டும் போடாமல் தண்ணீரும் ஊற்றுங்கள். ஐஸ் கட்டிகளுக்கு இடையில் காற்றுதான் நிற்கும், தண்ணீர் இருந்தால் பாட்டிலைச் சுற்றிலும் குளிர் தொடும். இரண்டு கை உப்பு போட்டால் இன்னும் வேகம்.

மது வைக்கிறவர்கள் ஒரே வகையோடு நிறுத்திக்கொள்ளுங்கள், வேறு வேண்டுமென்பவர் கொண்டுவரட்டும். சாப்பாடு வெளியே வந்த பிறகு திறங்கள். வண்டி ஓட்டப் போகிறவர் யார் என்று முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பலர் கணக்கில் விட்டுவிடுவது தட்டும் டம்ளரும். சாப்பாட்டுக்கு இவ்வளவு யோசித்துவிட்டுத் தூக்கிப்போடும் தட்டுகளில் பணத்தைக் கொட்டுவது எனக்குப் பொறுக்காது. நாலு வீட்டில் இரவல் வாங்கினால் 40 தட்டு சேர்ந்துவிடும், அடியில் யாருடையது என்று டேப் ஒட்டிவிடுங்கள். காகித டம்ளர்தான் என்றால் பக்கத்தில் ஒரு மார்க்கர் பேனாவைக் கட்டித் தொங்கவிடுங்கள். பேர் எழுதாத டம்ளரைக் கீழே வைத்தவர் மறுபடி அதைத் தேடி எடுக்க மாட்டார், புதிதாக ஒன்றை உருவுவார்.

“நாங்கள் என்ன கொண்டு வரட்டும்?” என்று கேட்பவர்களிடம் “ஒன்றும் வேண்டாம்” என்று சொல்லாதீர்கள். ஒன்றும் வேண்டாம் என்றால் ஆறு பேர் ஆறு கேக் டப்பாவோடு வருவார்கள். “ஒரு தர்ப்பூசணி வாங்கி வாங்க, அஞ்சு கிலோ இருக்கட்டும்” என்று பெயரும் அளவும் சொல்லுங்கள். தோல் போக முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவாகத்தான் தேறும், ஆகவே இரண்டு பேரிடம் ஒவ்வொரு பழம் சொன்னால் 40 பேருக்கும் இனிப்புக்குப் பதில் ஆயிற்று. இன்னொருவரிடம் ஐஸ், இன்னொருவரிடம் மூன்று ரொட்டிப் பொட்டலம். கேட்டவர்களுக்கும் பங்கெடுத்த நிறைவு இருக்கும்.

கிளம்புகிறவர்கள் கையில் மிச்சத்தைக் கொடுத்தனுப்ப நினைத்தால் காலி டப்பாக்களை முன்பே கழுவி அடுக்கி வையுங்கள். அடுப்பில் சூடாக வைத்திருந்ததை மட்டும் அடைத்துக் கொடுங்கள், மேசையில் திறந்து கிடந்ததைக் கொடுக்காதீர்கள். வீட்டில் தங்குவதைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து மூன்று நாளுக்குள் முடித்துவிடுங்கள், சோற்றை மட்டும் மறுநாளே. எடுக்கும்போது தேவையான அளவை மட்டும் எடுத்து, நடுவிலும் ஆவி பறக்கும்வரை சூடாக்குங்கள். ஒருமுறை சூடாக்கியதைத் திரும்ப உள்ளே வைக்காதீர்கள்.