ஊருக்குப் போகுமுன் கடவுச்சொற்களை ஒழுங்குபடுத்துதல்: மட்டக்களப்பு, அம்பாறை செல்வோருக்கு

லண்டனிலோ ரொறன்ரோவிலோ சூரிச்சிலோ இருக்கும் வரை, கைப்பேசியிலுள்ள செயலிகள் நம்மிடம் கடவுச்சொல் கேட்பது அரிது. அதே கைப்பேசி கட்டுநாயக்காவில் புதிய சிம் ஒன்றைப் பெற்றுக்கொண்டு மட்டக்களப்புக்கோ கல்முனைக்கோ வந்து சேர்ந்ததும், நாடும் வலையமைப்பும் மாறியதைக் கண்டு, வங்கி, மின்னஞ்சல், விமானச் சீட்டு என்று ஒவ்வொரு செயலியும் மீண்டும் உள்நுழையச் சொல்லக்கூடும். எல்லாக் கடவுச்சொற்களையும் ஒரே பூட்டுக்குள் சேமித்துவைக்கும் செயலியே கடவுச்சொல் மேலாளர். பிட்வோர்டன், ஒன்பாஸ்வேர்ட், கூகுளின் அல்லது அப்பிளின் மேலாளர் ஆகியவற்றுள் ஒன்றை வைத்திருப்பவர் இதற்கு அஞ்ச வேண்டியதில்லை என்றே எண்ணுவார். ஆயினும் பயணத்தில் மிகவும் இடர் தருவது அந்த மேலாளருக்குள் நுழைவதுதான். ஆகவே அதனை முதலில் பார்ப்போம்.

கைப்பேசி பழுதாகி, மைத்துனரின் பழைய கைப்பேசியில் உங்கள் மேலாளரைத் திறக்க முயல்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். புதிய கருவி என்பதால் அது உங்கள் மின்னஞ்சலுக்கு ஓர் உறுதிப்படுத்தற் குறியீட்டை அனுப்புகிறது. மின்னஞ்சலின் கடவுச்சொல்லோ மேலாளருக்குள் இருக்கிறது; அதனை மீட்க முனைந்தால், லண்டன் எண்ணுக்குக் குறுஞ்செய்தி போகிறது; அந்தச் சிம்மோ பயணப்பையின் எந்த மூலையில் கிடக்கிறது என்று தெரியவில்லை. பெட்டியின் திறப்பைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டியதற்கு இது ஒப்பாகும். இந்தச் சுற்றை ஊரில் நின்று உடைப்பது கடினம். புறப்படுமுன் வீட்டிலிருந்து உடைப்பதற்கு ஒரு மாலைப்பொழுது போதும்.

அதற்கு வேண்டியவை ஒரு மனப்பாடமும் சில தாள்களுமே. மேலாளரைத் திறக்கும் முதன்மைக் கடவுச்சொல் மனப்பாடமாக இருக்க வேண்டும். தொடர்பில்லாத நான்கைந்து சொற்களைக் கோத்து அமைத்தால் நினைவில் நிற்கும், ஆனால் ஊர்ப்பெயர், குலதெய்வத்தின் பெயர், பிள்ளைகளின் பெயர் ஆகியவை வேண்டாம். அதனை ஆங்கில எழுத்துகளிலேயே அமைத்துக்கொள்வது நல்லது. தமிழ் விசைப்பலகை இல்லாத கருவியிலும் தட்டச்சு செய்ய முடிய வேண்டுமல்லவா? பிட்வோர்டனில் இரு படி உள்நுழைவை, அதாவது கடவுச்சொல்லோடு இன்னொரு குறியீட்டையும் கேட்கும் முறையை, அமைத்திருந்தால் அதற்கென ஒரு மீட்புக் குறியீடு உண்டு. ஒன்பாஸ்வேர்ட், புதிய கருவியில் நுழையத் தேவையான தன் இரகசியச் சாவி அடங்கிய அவசரத் தாளை அச்சிட்டு வைக்கும்படி சொல்கிறது. கூகுள் கணக்குக்கு, ஒவ்வொன்றும் ஒரு முறை மட்டுமே செல்லுபடியாகும் 10 மாற்றுக் குறியீடுகளைப் பெற்றுக்கொள்ளலாம். இவற்றைத் தாளில் அச்சிட்டு, ஒரு பிரதியை நீங்கள் வாழும் நாட்டிலேயே நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் கொடுத்துவையுங்கள். மற்றொன்று உங்களோடு வரட்டும், ஆனால் கைப்பேசியும் கடவுச்சீட்டும் இருக்கும் அதே கைப்பையில் வேண்டாம். தங்கும் வீட்டின் பூட்டிய அலுமாரியே அதற்கு உகந்த இடம்.

சிம் மாற்றுவதிலும் கவனம் தேவை. விமான நிலையத்திலேயே கடவுச்சீட்டைக் காட்டி டயலொக் அல்லது மொபிடெல் சிம் வாங்கலாம் என்பது பலருக்கும் தெரியும். அதைப் போடுவதற்காக வெளிநாட்டுச் சிம்மைக் கழற்றிவிடுவதே பின்னர் வரும் தொல்லைகளுக்கெல்லாம் மூலம். இரண்டு சிம் ஏற்கும் கைப்பேசியாயின், அல்லது ஒன்றை இ-சிம்மாக வைத்துக்கொள்ள முடியுமாயின், வெளிநாட்டு எண்ணைக் குறுஞ்செய்திக்காக உயிருடன் வைத்து, அதன் தரவு ரோமிங்கை மட்டும் நிறுத்திவிட்டு, இணையத்துக்கு உள்ளூர்ச் சிம்மைப் பயன்படுத்துங்கள். ரோமிங் வசதி இயங்குகிறதா, குறுஞ்செய்தி பெறுவதற்குக் கட்டணம் உண்டா என்பவற்றைப் புறப்படுமுன் உங்கள் நிறுவனத்திடம் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். புதிய சிம்மைக் கண்டதும் எண்ணை மாற்றவா என்று வட்ஸ்அப் கேட்டால், வேண்டாம் என்று விடுங்கள். அதன் இரு படிச் சரிபார்ப்புக்கான 6 இலக்க இரகசிய எண்ணையும் (PIN) மேலாளரிலேயே குறித்துவையுங்கள்.

குறுஞ்செய்தியை நம்பியிருப்பதிலும் மேலானது, இரண்டாம் படிக்கான குறியீட்டைக் கைப்பேசியிலேயே உருவாக்கித் தரும் குறியீட்டுச் செயலி. அது இணையமின்றியே பெரும்பாலும் 30 வினாடிக்கு ஒரு புதிய குறியீட்டைத் தரும். அந்தக் கணக்கு முழுவதும் கைப்பேசியின் கடிகாரத்தையே சார்ந்தது. நேர வலயத்தை மாற்றாமல் மணியை மட்டும் கையால் தள்ளி இலங்கை நேரத்துக்குக் கொண்டுவந்தால், கைப்பேசியின் கணக்குப்படி உலக நேரமே பிழையாகிவிடும், குறியீடுகள் எல்லாம் நிராகரிக்கப்படும். நேரத்தைத் தானாக அமையும்படி விட்டுவிடுங்கள்.

இனி, செயலிகளுக்குள் நுழைவது. அன்ட்ரொயிட் 8 முதலும் ஐஓஎஸ் 12 முதலும் வெளியார் தயாரித்த மேலாளர்களும் செயலிகளின் உள்நுழைவுக் கட்டங்களைத் தாமே நிரப்ப முடிகிறது. ஆனால் அந்த அனுமதியை நீங்கள் கொடுத்திருக்க வேண்டும்: ஐஓஎஸ் 18இல் அமைப்புகளின் பொதுப் பகுதியில் ஓட்டோஃபில் என்ற தலைப்பின் கீழும், அன்ட்ரொயிட்டில் கடவுச்சொற்களும் கணக்குகளும் என்ற பகுதியிலும், உங்கள் மேலாளரைத் தெரிவுசெய்யலாம். அதன் பின் பயனர் பெயர்க் கட்டத்தைத் தொட்டால், விசைப்பலகையின் மேல் வரிசையில் உங்கள் கணக்கின் பெயர் தோன்றும். அதைத் தொட்டு, விரலையோ முகத்தையோ காட்டினால் போதும். தமிழ் எழுதுவதற்காக வேறு விசைப்பலகையைப் பயன்படுத்துவோருக்கு அன்ட்ரொயிட்டில் அந்த வரிசை தோன்றாமலும் போகலாம். அப்போது கூகுளின் ஜிபோர்டுக்கு மாறிப் பார்ப்பதே எளிய வழி. அதில் தமிழும் உண்டு.

சில செயலிகளில் எதுவும் தோன்றாது. இந்த இடத்தில் சற்று நின்று யோசிக்க வேண்டும், ஏனெனில் இதற்கு முற்றிலும் வேறுபட்ட இரண்டு காரணங்கள் இருக்கலாம். நீங்கள் கடவுச்சொல்லைச் சேமித்தது பெரும்பாலும் இணையத்தளத்தின் முகவரியோடு. இந்தச் செயலி அந்தத் தளத்துக்கு உரியதே என்று உரிமையாளர் முறைப்படி அறிவித்திருந்தால்தான் மேலாளர் இரண்டையும் இணைத்துப் பார்க்கும். நேர்மையான வங்கிகளிலும் இதைச் செய்யாதவை உண்டு. சில வங்கிகள் நிரப்புதலையே தடுத்துவிடுகின்றன. மற்றக் காரணம், செயலி போலியானது என்பது. வட்ஸ்அப்பில் வந்த இணைப்பிலிருந்து இறக்கிய செயலியாயின், அதற்குக் கடவுச்சொல்லைக் கொடுக்காமல் அழித்துவிடுங்கள். பிளே ஸ்டோரிலோ அப் ஸ்டோரிலோ பெற்றதாயின், வெளியிட்டவரின் பெயரைப் பாருங்கள். வங்கியின் அதிகாரபூர்வத் தளத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குச் செல்ல முடிகிறதா என்றும் பாருங்கள். ஐயம் தீர்ந்த பின்னர் மேலாளரைத் திறந்து, தேடி, பிரதியெடுத்து ஒட்டலாம். பிரதியெடுத்ததைச் சில வினாடிகளில் அழித்துவிடும் வசதி பல மேலாளர்களில் உண்டு. அதை இயக்கி வையுங்கள். ஒட்டவும் விடாத செயலியாயின் கையால்தான் தட்டச்சு செய்ய வேண்டும். பாதுகாப்பு என்ற பெயரில் செய்யப்படும் இந்தத் தடை, மக்களை நீண்ட கடவுச்சொல்லைக் கைவிட்டுச் சிறியதற்கு மாறவைக்கிறது என்பதே என் எண்ணம்.

வலைத்தொடர்பு எல்லா இடத்திலும் ஒரே சீராக இராது. பட்டணத்திலும் கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கத்திலும் குறையிராது. படுவான்கரையின் உட்கிராமங்களிலோ, பாணமையைத் தாண்டி உகந்தை முருகன் கோயிலை நோக்கிச் செல்லும் வழியிலோ அதை நம்பியிருக்க முடியாது. மேலாளரின் அமைப்பில், குறித்த நேரத்தின் பின் பூட்டிக்கொள்வது ஒன்று, முற்றாக வெளியேறிவிடுவது மற்றொன்று. பூட்டியது, தொடர்பில்லாத இடத்திலும் முதன்மைக் கடவுச்சொல்லாலோ விரலாலோ திறக்கும். வெளியேறியது மீண்டும் திறக்க இணையம் வேண்டும். பயணக் காலத்துக்குப் பூட்டுவதையே தெரிவுசெய்யுங்கள்.

பாசிக்குடாவில் கடலில் நீராடிய கையையோ, மாமாங்கத்தில் ஆடி அமாவாசைத் தீர்த்தமாடிய கையையோ விரல் ரேகை உணரி எளிதில் ஏற்காது. அத்தகைய கூட்டத்தில் நின்று முதன்மைக் கடவுச்சொல்லைத் தட்டச்சு செய்ய வேண்டாம். கையைத் துடைத்துக்கொண்டு சற்று ஒதுங்கிச் செல்லுங்கள். ஐபோன் வைத்திருப்போர் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும். ஐஓஎஸ் 17.3இல் வந்த களவுபோன கருவிக்கான பாதுகாப்பை இயக்கியிருந்தால், வழக்கமான இடங்களுக்கு வெளியே, கைப்பேசியிற் சேமித்த கடவுச்சொற்களுக்கு முகமோ விரலோ கட்டாயம், திரைப்பூட்டு எண் போதாது; அப்பிள் கணக்கின் கடவுச்சொல்லை மாற்றுவதற்கு ஒரு மணிநேரம் காத்திருக்கவும் வேண்டும். பல ஆண்டுகளின் பின் காண வந்த பிறந்த ஊரும் அந்தக் கைப்பேசிக்கு அறியாத இடமே.

உறவினர் வீட்டில் வேறு வகைக் கவனம் வேண்டும். “மாமா, போனைக் கொஞ்சம் தாங்கோ, கேம் விளையாடிட்டுத் தாறன்” என்று பிள்ளை கேட்டால் மறுக்கவா முடியும்? மேலாளர் உடனே பூட்டிக்கொள்ளும்படி அமைத்து, அன்ட்ரொயிட்டில் செயலியைத் திரையிற் பொருத்தும் வசதியையோ, ஐபோனில் வழிகாட்டிய அணுகலையோ (Guided Access) இயக்கிவிட்டுக் கொடுங்கள். அந்த ஒரு விளையாட்டைத் தவிர வேறொன்றும் திறக்காது. பெரியம்மாவின் மின்கட்டணத்தைச் செலுத்த விரும்பினால், உங்கள் கைப்பேசியிலிருந்தே செலுத்துங்கள். அவருடைய கைப்பேசியில் உங்கள் வங்கிக் கணக்கைத் திறக்க வேண்டாம். ரீலோட் போடும் கொமினிகேஷன் கடையில் விமானச் சீட்டை அச்சிட நேர்ந்தால், கடைக் கணினியில் மின்னஞ்சலைத் திறக்காமல், அந்தக் கோப்பை மட்டும் கடைக்காரருக்கு அனுப்பிவிடலாம்.

கைப்பேசி தொலைந்தே போனால், முதல் வேலை அதைத் தூரத்திலிருந்து பூட்டுவது. அப்பிளின் தேடும் பக்கம் இரண்டாம் படிக் குறியீடு இன்றியே திறக்கும். எனவே அப்பிள் கணக்கின் கடவுச்சொல்லும் அந்தத் தாளில் இடம்பெற வேண்டும். கூகுளுக்கு மேற்சொன்ன மாற்றுக் குறியீடு கைகொடுக்கும். உறவினரின் கருவியைப் பயன்படுத்துவதாயின் உலாவியின் மறைநிலைச் சாளரத்தில் நுழைந்து, வேலை முடிந்ததும் வெளியேறுங்கள். அடுத்து இரு நாட்டுச் சிம்களையும் முடக்கச் சொல்லுங்கள். அருகிலுள்ள பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு பதிவுசெய்து அதன் பிரதியையும் பெறுங்கள், காப்புறுதி நிறுவனம் அதைக் கேட்கக்கூடும்.

திரும்பும் முன், இலங்கை எண்ணைக் கொடுத்துத் திறந்த கணக்குகள் எவையென்று மேலாளரில் ஒருமுறை தேடிப் பாருங்கள். வாடகை வண்டிக்காகப் பதிந்த பிக்மீ, விடுதி முன்பதிவு போன்றவை மறதியில் விடுபடும். பயன்படுத்தாத எண் சில காலத்தின் பின் வேறொருவருக்கு வழங்கப்படலாம். அப்போது உங்கள் கணக்குக்கான குறியீடு அவருக்கே போய்ச்சேரும். சிம் இயங்கும்போதே எண்ணை மாற்றிவிடுங்கள், அல்லது கணக்கை மூடிவிடுங்கள்; விமானம் ஏறிய பின் அதைச் செய்வதற்கும் அதே எண்ணுக்கு வரும் குறியீடுதான் தேவைப்படும்.