ஓர் ஊருணி தீர்மானமாவது எப்படி: நகர்மன்றக் கூட்ட நடைமுறை, புதியவர்களுக்கு

காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ மன்றக் கூட்டத்திற்கு முதன்முறை போகிறவர், அங்கு எழும் குரல்களைக் கேட்டு, அதிகம் பேசுகிற கவுன்சிலரின் வார்டுக்குத்தான் அதிக வேலை நடக்கும் என்று எண்ணிக்கொண்டு திரும்புவது வழக்கம். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பேரூராட்சியில் எங்கள் தெரு வாய்க்கால் பற்றி அரைமணி நேரம் அனல் பறக்க விவாதம் நடந்தது. வேலை முடிந்தது என்று மகிழ்ந்து வீட்டுக்கு வந்தேன். பிறகு தீர்மானப் புத்தகத்தின் நகலைப் பார்த்தபோது, ‘பதிவு செய்யப்பட்டது’ என்ற இரண்டே சொற்கள் இருந்தன. அதற்கு, மன்றம் செய்தியைத் தெரிந்துகொண்டது என்பதற்கு மேல் பொருளில்லை. ‘அனுமதிக்கப்பட்டது’ என்று எழுதியிருந்தால்தான் ஒரு செங்கல்லாவது நகர்ந்திருக்கும். எனவே இந்த விளக்கத்தில் பேச்சைவிட எழுத்துக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன். உதாரணத்துக்கு, வரத்துக்கால் அடைபட்டு நீர் வராமல் கிடக்கும் ஓர் ஊருணியை எடுத்துக்கொண்டு, அது மன்றத்திற்குள் போய்த் தீர்மானமாக வெளிவரும் வரை தொடர்ந்து செல்வோம்.

முதலில், எந்தச் சட்டம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

நம் செட்டிநாட்டுப் பகுதியில் பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி ஆகிய மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. கானாடுகாத்தான் பேரூராட்சி, தேவகோட்டை நகராட்சி, காரைக்குடி 2024இல் மாநகராட்சியாகத் தரம் உயர்த்தப்பட்டது. நகராட்சிகளை 1920ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டமே ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக வழிநடத்தியது. 1998ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டு நெடுங்காலம் கிடப்பில் இருந்த தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம், 2023 ஏப்ரலில் அதற்குரிய புதிய விதிகளோடு நடைமுறைக்கு வந்த பிறகு, இம்மூன்று வகை அமைப்புகளும் ஒரே சட்டத்தின் கீழ் வந்துவிட்டன. கீழே நான் சொல்லும் கணக்குகள் பழைய சட்டம் வகுத்துப் பழக்கத்தில் ஊன்றிய கணக்குகள். மன்றத்தில் எழுந்து ஆட்சேபணை சொல்லப்போகும் உறுப்பினர், 2023 விதிகளின் பிரதி ஒன்றைக் கையில் வைத்து, அதில் உள்ள எண்ணைச் சொல்வதே முறை.

கூட்டத்துக்கு முன்: பொருள் ஆக்குதல்

பொதுமக்களில் ஒருவர் நேரே மன்றத்தில் பொருள், அதாவது விவாதித்து முடிவெடுப்பதற்கான விஷயம், வைக்க இயலாது. வார்டு உறுப்பினர் வழியாகவோ அலுவலகம் வழியாகவோதான் அது உள்ளே போகும். வார்டுக்குள் மக்கள் கூடிப் பேசும், 2022இல் தொடங்கிய பகுதி சபா, மனுவை ஆள் அறியக் கொடுப்பதற்கு நல்ல இடம். ஆனால் மனு எழுதுவதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. ஊருணி யாருடையது என்று, நில விவரங்கள் உள்ள ‘அ’ பதிவேட்டில் சர்வே எண்ணைக் கொண்டு பாருங்கள். செட்டிநாட்டு ஊருணிகள் சில அரசுப் புறம்போக்காகவும், சில கோயிலுக்கு உரியனவாகவும், சில ஊர்ப் பொதுவாகவும் இருக்கும். தனக்கு உரிமையில்லாத இடத்தில் நகராட்சி பணம் செலவழித்தால் தணிக்கையில் மாட்டும். அதனால் உரிமை தெளியாத பொருளை அலுவலகம் தொடவே அஞ்சும். வரத்துக்கால் எந்த எந்தத் தெரு வழியாக வருகிறது என்பதைப் புலப்படத்தோடு (நில அளவை வரைபடம்) சேர்த்துக் கொடுத்தால், பொறியியல் பிரிவு மதிப்பீடு தயாரிக்காமல் தட்டிக்கழிக்கச் சாக்கு குறையும்.

மதிப்பீடு வந்ததும் அலுவலகக் குறிப்பு எழுதப்படும். அதில் பார்க்க வேண்டியது, செலவு எந்த நிதியில் என்பது. பொது நிதி, குடிநீர் நிதி, கல்வி நிதி என்று தனித்தனியே இருக்கின்றன. நிதித் தலைப்பு இல்லாத குறிப்பு, எண்ணெய் ஊற்றாத விளக்கு மாதிரி.

இனி, தீர்மான வரைவு. ‘ஊருணியைச் சீர்செய்ய ஆவன செய்யலாம்’ என்று எழுதினால் யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை. ஆவன எவை என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது. அதற்குப் பதிலாக, ‘வார்டு எண், சர்வே எண் இன்னதில் உள்ள ஊருணியின் வரத்துக்காலில் இத்தனை மீட்டர் நீளத்துக்கு மண் அகற்றி, இரு சிறுபாலங்களை மாற்றி அமைக்கும் பணிக்கு, இத்தனை ரூபாய் மதிப்பீட்டைப் பொது நிதியிலிருந்து மேற்கொள்ள மன்றம் அனுமதிக்கிறது, பணியை வடகிழக்குப் பருவமழைக்கு முன் முடித்து மன்றத்துக்கு அறிக்கை வைக்க ஆணையர் கேட்டுக்கொள்ளப்படுகிறார்’ என்று எழுதுங்கள். இடம், வேலை, தொகை, பொறுப்பாளர், காலம் ஆகிய ஐந்தும் அதில் இருக்கின்றன. எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா என்று வட்டிக்கடைக் கணக்கில் ஊறிய நம் ஊர்க்காரருக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

அறிவிப்பு நாள்

‘தெளிவான மூன்று நாள்’ அறிவிப்பு வேண்டும் என்பது பழைய விதி. தெளிவான நாள் என்றால் அறிவிப்பு கொடுத்த நாளும் கூட்ட நாளும் கணக்கில் சேரா. வெள்ளிக்கிழமை கூட்டம் என்றால் செவ்வாய், புதன், வியாழன் மூன்றும் முழுதாகக் கிடைக்க வேண்டும். ஆகவே திங்களன்றே பொருள்நிரல் உறுப்பினர் கையில் சேர்ந்திருக்க வேண்டும். புதிய உறுப்பினர்கள் கவனமாயிருக்க வேண்டியது ‘டேபிள் அஜெண்டா’ எனப்படும் மேசைப் பொருள்களில். அவசரம் என்ற பெயரில் கூட்டம் நடக்கும்போது கொடுக்கப்படும் தாள்களைப் படிக்க நேரமிராது. நல்லதும் அல்லாததும் அதில் ஒன்றாகவே வரும். குழாய் உடைந்து ஊருக்குத் தண்ணீர் நின்றால் அது அவசரம். ஆனால் பல மாதங்களுக்கு முன்பே முடிவது தெரிந்த கடைக் குத்தகை எப்படி அவசரமாகும் என்று கேட்கலாம். அந்தக் கேள்வியையும் பதிவு செய்யச் சொல்லலாம். அதேபோல் ‘மன்றத்தின் அனுமதியை எதிர்நோக்கி’ தலைவர் முன்அனுமதி கொடுத்து வேலை முடிந்த பிறகு வரும் பொருள்களையும் தனியே குறித்துக்கொள்ளுங்கள்.

கூட்டத்தில்

உட்கார்ந்தவுடன் தலைகளை எண்ணுங்கள். குறைவெண், அதாவது பேச்சு வழக்கில் கோரம், மூன்றில் ஒரு பங்கு என்பது பழைய கணக்கு. 2022 தேர்தலின்போது காரைக்குடி நகராட்சிக்கு 36 வார்டுகள். அந்தக் கணக்கில் 12 பேர் இருந்தால் கூட்டம் நடக்கும். எதிர்ப்பைக் காட்ட வெளிநடப்புச் செய்கிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். 12 பேர் உள்ளே இருக்கும்வரை, வெளியே போனவர்கள் எதிர்த்த பொருள் எதிர்ப்பே இல்லாமல் ‘ஏகமனதாக’ நிறைவேறக்கூடும். உள்ளே இருந்து எதிர்ப்பு வாக்கைப் பெயரோடு பதியச் சொல்வதே பயன் தரும் என்பது என் கருத்து. வெளிநடப்பு மறுநாள் செய்தித்தாளோடு முடிந்துவிடும்.

தலைவரையோ மேயரையோ விளித்துப் பேச வேண்டும். எதிர் இருக்கை உறுப்பினரை அல்ல. ஊரில் மாமன், மச்சான், பங்காளி என்று உறவு கொண்டாடுபவர்கள் எதிரெதிரே உட்காரும் நம் மன்றங்களில் இந்த விதி இல்லாவிட்டால் விவாதம் வீட்டுக் கதைக்குப் போய்விடும். ஆணையர் விளக்கம் சொல்லலாம், வாக்களிக்க முடியாது. வாக்குகள் சமமானால் தலைவருக்கு முடிவு செய்யும் வாக்கு உண்டு.

நம் ஊருணிப் பொருளில் ஓர் உறுப்பினர், ‘ஒரு பாலம் போதும்’ என்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை வாய்ப்பேச்சாக விடாமல், திருத்தமாக எழுதித் தரச் சொல்லுங்கள். முதலில் திருத்தத்துக்கு வாக்கு, பிறகு திருத்தப்பட்ட அல்லது திருத்தப்படாத மூலப் பொருளுக்கு வாக்கு. இந்த வரிசை மாறினால், எதற்கு வாக்களித்தோம் என்று யாருக்கும் தெரியாது.

நிறைவேறிய தீர்மானத்தை மறு மாதமே மாற்றிவிடலாம் என்று எண்ண வேண்டாம். மூன்று மாதத்துக்குள் ரத்துச் செய்ய வேண்டுமானால் அதற்கெனத் தனிக் கூட்டமும், மொத்த இடங்களில் பாதிக்குக் குறையாத ஆதரவும் வேண்டும் என்று 1920 சட்டம் வைத்திருந்தது. 36 இடங்களில் 18.

தீர்மானம் வேறு, துணைவிதி வேறு

தீர்மானம் நிர்வாகத்துக்கு இடும் கட்டளை. ஊருணிக்குள் கட்டட இடிபாட்டைக் கொட்டுகிறவருக்கு அபராதம் விதிக்க அது போதாது. மக்களைக் கட்டுப்படுத்தத் துணைவிதி வேண்டும். சட்டமன்றம் போல நகர்மன்றம் நினைத்ததைச் சட்டமாக்க முடியாது. மூலச் சட்டம் எந்தப் பொருளில் அதிகாரம் கொடுத்திருக்கிறதோ அந்த எல்லைக்குள்தான் எழுத முடியும். வரைவு எழுதி, மன்றத்தில் வைத்து, மக்களின் ஆட்சேபணைக்கு வெளியிட்டு, வந்தவற்றை மன்றம் பரிசீலித்து, அரசின் ஒப்புதல் பெற்று, அரசிதழில் வந்த பிறகே அதற்கு உயிர். 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், ஓராண்டுக்குள் துணைவிதி வகுக்குமாறு உள்ளாட்சிகளுக்குக் கட்டளையிட்டன. குப்பை பற்றிய அபராதம் எதையும் படிக்கும்போது அதன் வேர் இத்தகைய விதிகளில் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஆட்சேபணைக் காலத்தை வீணாக்குவது நம் ஊர்ப் பழக்கம். 2022 ஏப்ரலில் அரசு அறிவித்த சொத்துவரிச் சீராய்வில், நகராட்சிகளில் 1,800 சதுர அடிக்கு மேற்பட்ட குடியிருப்புகளுக்கு 100 விழுக்காடு உயர்வு. ஒரு தெருவில் தலைவாசலும் அடுத்த தெருவில் பின்கட்டும் உள்ள நம் வீடுகளில் 1,800 சதுர அடி என்பது உள்முற்றத்தைச் சுற்றிய வளவிலேயே முடிந்துவிடும். வீட்டைப் பூட்டிவிட்டுச் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருப்பவர்கள் வரிக் கேட்புச் சீட்டு வந்த பிறகுதான் விழித்துக்கொண்டார்கள். இது போன்ற அறிவிப்பு வரும் நாளேட்டுப் பக்கத்தைப் பார்த்துச் சொல்ல, ஊரில் இருக்கும் பங்காளி ஒருவரை ஏற்பாடு செய்து வைத்துக்கொள்வது நல்லது.

கூட்டம் முடிந்த பின்

தீர்மான நகலை உறுப்பினரிடம் கேளுங்கள். கிடைக்காவிட்டால் 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய்க் கட்டணத்துடன் விண்ணப்பியுங்கள். பொதுத் தகவல் அலுவலர் 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். விண்ணப்பத்தில் ‘ஊருணி பற்றிய விவரம்’ என்று பொதுவாக எழுதாமல், கூட்ட நாளையும் பொருள் எண்ணையும் குறிப்பிட்டு, தீர்மானத்தின் சான்றிட்ட நகல், பணி ஆணை, முடிந்த வேலையின் அளவைப் பதியும் அளவுப் புத்தகப் பக்கங்கள் ஆகிய மூன்றையும் ஒரே விண்ணப்பத்தில் கேளுங்கள். அளவுப் புத்தகத்தில் எழுதியுள்ள மீட்டரையும் வரத்துக்காலில் நீங்கள் நடந்து அளந்த மீட்டரையும் ஒப்பிட, ஒரு டேப் போதும்.