பல்கலைக்கழக சர்வர் அறை: இடம் இருக்கும், கரண்ட் இருக்காது

பழைய கணினி ஆய்வகம் ஒன்றைக் காலி செய்து, "இதை டேட்டா சென்டர் ஆக்கிவிடுங்கள்" என்று சாவியைக் கொடுப்பார்கள். அடுத்த நிமிடம் எல்லோரும் டேப்பை எடுத்து எத்தனை ரேக் (சர்வர்களை அடுக்கும் இரும்பு அலமாரி) நிற்கும் என்று அளக்க ஆரம்பிப்பார்கள். டேப் அப்புறம். முதலில் கிலோவாட்.

உதாரணத்துக்கு, தமிழ்நாட்டு வளாகம் ஒன்றில் தரைத்தளத்தில் 10 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரத்தில் ஓர் அறை என்று வைத்துக்கொள்வோம். ஐந்து வருடத்துக்குத் திட்டம். யூ என்பது ரேக்கில் ஓர் அடுக்கின் உயர அளவு, எம்சிபி என்பது கரண்ட் கூடினால் தானாக விழும் சுவிட்ச். இவ்வளவு தெரிந்தால் போதும்.

படி 1: சுமைப் பட்டியல்

ஒரு ஸ்ப்ரெட்ஷீட் திறந்து இருக்கிற கருவிகளை எல்லாம் எழுதுங்கள். பவர் சப்ளையில் அச்சிட்டிருக்கும் வாட்டை எழுதாதீர்கள். 800 வாட் சப்ளை இரண்டு போட்ட சர்வர் 1600 வாட் இழுக்காது. ஒன்று போனால் மற்றது தாங்கத்தான் இரண்டு. சர்வரைத் தொலைவிலிருந்து நிர்வகிக்கும் ஐடிராக் அல்லது ஐஎல்ஓ பக்கத்தில் உச்ச மின் அளவு பதிவாகியிருக்கும், அதை எடுங்கள். அது இல்லாத பழைய பெட்டிகளுக்கு, வயரைக் கவ்விக் கரண்டை அளக்கும் கிளாம்ப் மீட்டர். தேர்வு முடிவு வெளியாகும் நாள், மாணவர் சேர்க்கை நாள் இரண்டிலும் அளந்தால்தான் உச்சம் தெரியும். செமஸ்டர் விடுமுறையில் எடுத்த அளவு உங்களை ஏமாற்றும்.

நம் உதாரணத்தில் 30 சர்வர், தலா 0.4 கிலோவாட் என்றால் 12. ஸ்டோரேஜ் 3, நெட்வொர்க் 2. ஆராய்ச்சித் துறை கேட்கும், தலா 8 ஜிபியு (ஏஐ போன்ற கனமான கணக்குகளுக்கான சிப்) கொண்ட பெட்டி இரண்டு, என்விடியா டிஜிஎக்ஸ் ஏ100 ரகம், உச்சத்தில் தலா 6.5, ஆக 13. மொத்தம் 30 கிலோவாட். வளர்ச்சிக்கு 10 சேர்த்து 40 என்று வடிவமைப்போம். கூடுதலாக எவ்வளவு ஒதுக்குவது என்பது கணக்கு இல்லை, அரசியல். எந்தத் துறை எப்போது மானியம் வாங்கப்போகிறது என்று விசாரித்து வையுங்கள்.

படி 2: இடமும் எடையும்

இப்போது டேப். ரேக் ஆழம் 1.2 மீட்டர். அகலவாக்கில் பின்வழி 1.2, ரேக் 1.2, நடுவில் குளிர்வழி 1.2, ரேக் 1.2, பின்வழி 1.2. கூட்டினால் சரியாக 6 மீட்டர். ஒரு தூண் உள்ளே துருத்திக்கொண்டிருந்தால் கணக்கு உடையும், அதனால் தூணோடு சேர்த்து அளங்கள். நீளவாக்கில் வரிசைக்கு 8 ரேக் போட்டாலும் 4.8 மீட்டர்தான், மீதியில் ஏசியும் கதவும் அடங்கும். ஆக இடக்கணக்கு 16 ரேக் என்கிறது. நம்மிடம் இருப்பதோ 40 கிலோவாட். ரேக்குக்கு 5 வீதம் 8 ரேக்கிலேயே கரண்ட் தீர்ந்துவிடும். மீதி எட்டு இடமும் அட்டைப்பெட்டி அடுக்கத்தான். பிரச்சினை என்னவென்றால், காலி ரேக் கண்ணில் படும், காலியில்லாத கரண்ட் படாது. பதினாறு வாங்காதீர்கள், எட்டு வாங்குங்கள்.

மாடியில் அறை கொடுத்தால் எடையைக் கேளுங்கள். வகுப்பறைத் தளத்துக்கு ஐஎஸ் 875 (கட்டடச் சுமைக்கான இந்தியத் தரநிலை) சொல்லும் பயன்பாட்டுச் சுமை சதுர மீட்டருக்கு 3 கிலோநியூட்டன், ஏறக்குறைய 300 கிலோ. நிறைந்த ரேக் 800 கிலோ வரும். முன்னும் பின்னும் பாதி நடைவழியைச் சேர்த்துப் பரப்பினாலும் 1.44 சதுர மீட்டர்தான், அதாவது 555 கிலோ. கட்டடப் பொறியாளர் கையெழுத்து இல்லாமல் மாடிக்கு ஏற்ற வேண்டாம். பேட்டரி அடுக்கு இதைவிடக் கனம். அதற்காக அடித்தளத்துக்கும் இறங்காதீர்கள், 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தை நினைத்துக்கொண்டால் போதும்.

படி 3: ரேக்குக்குக் கரண்ட் (இங்கேதான் சறுக்கும்)

ஒவ்வொரு ரேக்குக்கும் ஏ, பி என்று இரண்டு மின்வழி, ஒவ்வொன்றிலும் 32 ஆம்பியர் ஒற்றை ஃபேஸ் பிடியு (கரண்டை அளந்து காட்டும் திரையோடு வரும் ரேக் மின்பட்டை). சர்வரின் ஒரு சப்ளை ஏ-யில், மற்றது பி-யில். இது எல்லோருக்கும் தெரியும். தவறு இதற்கப்புறம் வருகிறது.

ரேக் 6 கிலோவாட் இழுக்கிறது. 230 வோல்ட்டில் 26 ஆம்பியர், இரண்டாகப் பிரிந்து தலா 13. பிடியு திரையில் 13 என்று பார்த்தவர், '32-ல் 13தானே, பாதிக்குமேல் காலி' என்று இன்னும் 4 கிலோவாட் ஏற்றுவார். இப்போது தலா 22 ஆம்பியர். திரை இன்னும் பச்சை. எந்த எச்சரிக்கையும் வராது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏ பக்க யுபிஎஸ்-ஐப் பராமரிப்புக்காக அணைப்பார்கள். மொத்தம் 43 ஆம்பியரும் பி-மேல் விழும். 32 ஆம்பியர் எம்சிபி அந்த அளவுக்கு உடனே விழாது, உள்ளே பட்டை சூடேற வேண்டும். சில நிமிடமோ முக்கால் மணியோ கழித்து விழும். அதற்குள் 'எல்லாம் சரியாக மாறிவிட்டது' என்று டீ குடிக்கப் போயிருப்பார்கள். விழும்போது ரேக் முழுவதும் சாகும்.

அதனால் விதி இது: தொடர் சுமைக்கு எம்சிபியின் 80 சதவீதம்தான் எல்லை. 32-க்கு 25.6 ஆம்பியர். அந்த எல்லை ஏ-யும் பி-யும் சேர்த்து. ஆக ஒவ்வொரு திரையிலும் 12.8-ஐத் தாண்டவே கூடாது. ரேக் மொத்தத்துக்கும் 5.9 கிலோவாட், அவ்வளவுதான். மேலே சொன்ன 6 கிலோவாட் ரேக் ஏற்கெனவே எல்லையைத் தாண்டித்தான் நின்றது, கவனித்தீர்களா? அதற்குமேல் வேண்டுமென்றால் மூன்று ஃபேஸ் 32 ஆம்பியர் போடுங்கள், 80 சதவீதத்தில் 17.7 கிலோவாட் கிடைக்கும். ஃபேஸ்களைச் சமமாகப் பிரிப்பது உங்கள் பொறுப்பு. பிடியு அலாரத்தை 12.8-ல் வையுங்கள், தொழிற்சாலையில் வைத்து அனுப்பிய அளவில் விடாதீர்கள்.

யுபிஎஸ்-க்கும் இதே தர்க்கம். ஒவ்வொன்றும் தனியாக 40 கிலோவாட்டைச் சுமக்க வேண்டும். 80 சதவீதச் சுமை என்றால் 50 கிலோவாட் வேண்டும். பவர் ஃபேக்டர் (கேவிஏ-யை இதனால் பெருக்கினால் கிலோவாட்) 0.9 உள்ள 60 கேவிஏ 54 கிலோவாட் தரும், அதில் இரண்டு. பழைய 0.8 ரகம் என்றால் 48தான், போதாது. டெண்டரில் கேவிஏ மட்டும் எழுதினால் வருவது 0.8-ஆகக்கூட இருக்கலாம், கிலோவாட்டையும் எழுதுங்கள்.

படி 4: குளிரூட்டல்

சர்வருக்குள் போகும் கரண்ட் அத்தனையும் சூடாக வெளியே வரும். 40 கிலோவாட், அதோடு யுபிஎஸ் இழப்பு 2, சுவர், விளக்கு, ஆள் என்று 2. மொத்தம் 44. ஒரு டன் என்பது 3.517 கிலோவாட். ஆக 12.5 டன். "இரண்டு டன் ஸ்ப்ளிட் ஏழு மாட்டிவிடலாம்" என்று விற்பனையாளர் சொல்வார். கணக்கு சரிபோலவே இருக்கும்.

சாதாரண ஸ்ப்ளிட் ஏசி, மனிதர்களுக்காகச் செய்தது. அதன் திறனில் ஏறத்தாழ 70 சதவீதம்தான் காற்றின் சூட்டை இறக்கும், மீதி ஈரத்தைப் பிழிந்து தண்ணீராக்கும். சர்வருக்கு வியர்ப்பதில்லை. இரண்டு டன்னில், அதாவது 7 கிலோவாட்டில், நமக்கு உதவுவது 4.9. ஏழு போட்டால் 34. பத்து கிலோவாட் குறை, அதுவும் கத்தரி வெயிலில் மொட்டைமாடி அவுட்டோர் யூனிட் திணறுவதற்கு முன்பே. சர்வர் அறைக்கென்று வரும் பிஏசி வகையில் 90 சதவீதத்துக்குமேல் சூட்டுக்கே போகும். விலைப்பட்டியலில் 'சென்சிபிள்' என்ற வரிசையைப் பாருங்கள், காற்றின் சூட்டை இறக்கும் திறன் அதுதான். 22 கிலோவாட் சென்சிபிள் மூன்று வாங்குங்கள்: இரண்டு ஓட, ஒன்று காத்திருக்க. வெளி வெப்பம் 45 டிகிரிக்கு என்ன திறன் என்று எழுத்தில் கேளுங்கள். கடலோர ஊரென்றால் காயிலுக்கு உப்புக்காற்று தாங்கும் பூச்சும் வேண்டும்.

அறையை 18 டிகிரிக்கு உறையவைக்க வேண்டியதில்லை. ஆஷ்ரே (அமெரிக்கக் குளிரூட்டல் பொறியாளர் சங்கம்) பரிந்துரை, சர்வரின் முன்பக்கத்தில் 18 முதல் 27 டிகிரி. 24-ல் வைத்தால் மின்கட்டணமும் இறங்கும். சென்சாரைச் சுவரில் மாட்டாமல் ரேக் முன்கதவின் உச்சியில் மாட்டுங்கள், சூடு அங்கேதான் முதலில் சேரும். காலி யூ எல்லாவற்றையும் ப்ளாங்கிங் பேனலால் மூடுங்கள். திறந்து விட்டால் பின்னால் வந்த சூடு சுற்றிக்கொண்டு முன்னாலேயே வரும். ஏசி வாங்குவதைவிட மலிவான குளிரூட்டல் இந்தத் தகடுதான்.

காற்றளவு: சர்வருக்குள் போகும் காற்றுக்கும் வெளிவரும் காற்றுக்கும் 12 டிகிரி வித்தியாசம் என்றால், ஒரு கிலோவாட்டுக்குச் சுமார் 150 சிஎஃப்எம் (நிமிடத்துக்கு இத்தனை கன அடி). ஃபால்ஸ் ஃப்ளோரின் (காற்று போக உயர்த்திப் போட்ட தளம்) துளைத்தகடு ஒன்று நல்ல நாளில் 500 தரும். 6.5 கிலோவாட் பெட்டி ஒன்றே ஆயிரம் கேட்கும், இரண்டு தகடு. அதனால் ஒரே ரேக்கில் இரண்டு ஜிபியு பெட்டிகளை அடுக்காதீர்கள், பிரித்து வையுங்கள். அதைவிட அடர்த்தி வேண்டுமென்றால் தண்ணீர்தான் வழி. திருச்சி என்ஐடியில் 2022-ல் திறந்த 'பரம் பொருள்' சூப்பர் கணினியும் நேரடித் திரவக் குளிரூட்டலில்தான் ஓடுகிறது.

படி 5: ஜெனரேட்டரும் அந்த மூன்று நிமிடமும்

கூட்டல்: சர்வர் 40, யுபிஎஸ் இழப்பு 2, பேட்டரி சார்ஜ் 5, ஏசி 18, விளக்கு முதலியன 2. மொத்தம் 67 கிலோவாட், பவர் ஃபேக்டர் 0.8-ஆல் வகுத்தால் 84 கேவிஏ. கம்ப்ரஸர் கிளம்பும்போது இழுக்கும் இழுப்புக்கும் சேர்த்து 125 கேவிஏ எடுங்கள். வளாகத்தின் எச்டி (உயர் அழுத்த) மின் இணைப்பில் அனுமதித்த உச்சத் தேவைக்குள் இந்தச் சுமை அடங்குமா என்று மின்பிரிவில் இப்போதே கேளுங்கள். முழுச் சுமையில் மாதம் 45,000 யூனிட் வரும் என்றும் நிதி அலுவலரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். பில் வந்தபின் சொல்வது கஷ்டம்.

மின்வெட்டில் சர்வர் பேட்டரியில் ஓடும், ஏசி நின்றுவிடும். அறையில் 180 கன மீட்டர் காற்று, எடை ஏறக்குறைய 215 கிலோ. 40 கிலோவாட் சூடு காற்றை மட்டும் சூடாக்கினால் ஐந்தரை நொடிக்கு ஒரு டிகிரி ஏறும். சுவரும் இரும்பும் கொஞ்சம் உறிஞ்சும் என்பதால் நிஜத்தில் மெதுவாக ஏறும், ஆனால் நிமிடக் கணக்குதான். ஜெனரேட்டர் 20 நொடியில் வந்தாலும் ஏசி கம்ப்ரஸர் தன் பாதுகாப்புக்காக மூன்று நிமிடம் காத்திருக்கும். ஆட்டோ ரீஸ்டார்ட் இல்லாத ஸ்ப்ளிட் என்றால் யாராவது ரிமோட்டோடு ஓடிவர வேண்டும், இரவு இரண்டு மணிக்கும். பேட்டரியை ஒரு மணி நேரத்துக்கு வாங்குவது இதனால் வீண், சர்வர் அதற்குமுன் வெந்துவிடும். 15 நிமிடம் போதும். மிச்சப் பணத்தில் பிஏசி விசிறிகளை மட்டும் யுபிஎஸ்-இல் இணையுங்கள். கம்ப்ரஸர்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பும்படி இடைவெளி வையுங்கள். பேட்டரி தனியறையில், 25 டிகிரியில் இருக்கட்டும். பத்து டிகிரி கூடினால் ஆயுள் கிட்டத்தட்டப் பாதியாகும்.

படி 6: பதிவேடு

விலை உயர்ந்த மென்பொருள் வேண்டாம், நெட்பாக்ஸ் இலவசம். ரேக்கில் எந்த யூ காலி, எந்த மின்வழியில் எவ்வளவு சுமை என்று காட்டும். மின்வழிக்கு 80 சதவீத எல்லை அதிலேயே இருக்கிறது. ஏ, பி இரண்டுக்கும் சேர்த்த எல்லை என்பதால் அதை 40-ஆக மாற்றுங்கள். நிஜ ஆம்பியரைக் கண்காணிக்க லிப்ரெஎன்எம்எஸ் என்ற மென்பொருள்.

பிறகு சேர்த்தது

டிஜிஎக்ஸ் எச்100 வாங்கப்போவதாகச் சிலர் கேட்டிருந்தீர்கள். 8 யூ, 130 கிலோ, உச்சம் 10.2 கிலோவாட். அதில் ஆறு பவர் சப்ளை, குறைந்தது நான்கு ஓடினால்தான் பெட்டி ஓடும். ஏ-யில் மூன்று, பி-யில் மூன்று என்று வழக்கம்போல் செருகினால், ஒரு பக்கம் போன உடனே மிஞ்சுவது மூன்று, பெட்டி அணைந்துவிடும். மூன்று தனி மின்வழி இழுத்து, வழிக்கு இரண்டாகச் செருகுங்கள். சாக்கெட்டும் வழக்கமான சி13 வகை இல்லை, அதைவிடப் பெரிய 16 ஆம்பியர் சி19. பிடியு ஆர்டர் கொடுக்கும் முன் எண்ணிப் பாருங்கள்.