ஒரு விண்மீனின் தூரத்தை நீங்களே கணக்குப் போடலாம்

இரவு வானில் மிகப் பிரகாசமாகத் தெரியும் விண்மீன் சிரியஸ். அது ஏறத்தாழ 81 லட்சம் கோடி கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. இப்படி ஒரு எண்ணைப் படித்தால் மனதில் எதுவும் பதியாது. அதற்குத்தான் வானியலில் வேறு அளவுகோல்கள் இருக்கின்றன. அவற்றைப் பயன்படுத்தி சிரியஸின் தூரத்தை இங்கே கணக்கிடுவோம். கையில் கால்குலேட்டர் இருந்தால் போதும்.

முதல் படி: வானியல் அலகு. பூமிக்கும் சூரியனுக்கும் இடையிலான சராசரித் தூரம், சுமார் 15 கோடி கி.மீ. கோள்களின் தூரத்தைச் சொல்ல இது போதும். நெப்டியூன் சூரியனிலிருந்து 30 வானியல் அலகு.

இரண்டாம் படி: ஒளியாண்டு. 'ஆண்டு' என்று பெயரில் இருப்பதால் இதைக் காலம் என்று நினைத்துவிடாதீர்கள், இது தூரம்தான். ஒளி ஒரு நொடியில் 2,99,792 கி.மீ. போகும். 365.25 நாளில் 3,15,57,600 நொடிகள். இரண்டையும் பெருக்குங்கள்: ஏறத்தாழ 9.46 லட்சம் கோடி கி.மீ. அதுதான் ஒரு ஒளியாண்டு.

மூன்றாம் படிதான் எனக்கு மிகவும் பிடித்தது. கையை நீட்டிக் கட்டைவிரலை உயர்த்துங்கள். இடக்கண்ணை மூடிப் பாருங்கள், அப்புறம் வலக்கண்ணை மூடிப் பாருங்கள். பின்னால் உள்ள சுவரில் விரல் இடம் மாறுவதுபோலத் தெரிகிறதா? விரலை மூக்கருகே கொண்டுவந்தால் இன்னும் அதிகமாகத் தாவும். கிட்ட இருப்பது அதிகம் நகரும், எட்ட இருப்பது குறைவாக நகரும். இதுதான் இடமாறு தோற்றம்.

விண்மீன்களுக்கு நம் இரு கண்களின் இடைவெளி போதாது. அதனால் ஆறு மாத இடைவெளியில் இரண்டு முறை பார்க்கிறார்கள். அதற்குள் பூமி சூரியனின் மறுபக்கம் போயிருக்கும். விண்மீன் நகர்ந்ததாகத் தெரியும் கோணத்தில் பாதியை எடுத்துக்கொள்ள வேண்டும். அந்தப் பாதி ஒரு வில்வினாடியாக, அதாவது ஒரு டிகிரியில் 3,600-இல் ஒரு பங்காக இருந்தால், அந்த விண்மீனின் தூரம் ஒரு பார்செக். அது 3.26 ஒளியாண்டு. ஒரு சென்டிமீட்டர் அகலமுள்ள பொருளை இரண்டு கிலோமீட்டர் தள்ளி நின்று பார்த்தால் எவ்வளவு கோணம் வருமோ, அவ்வளவுதான் ஒரு வில்வினாடி! சூரியனுக்கு அடுத்து மிக அருகில் உள்ள விண்மீனுக்குக்கூட இந்தக் கோணம் ஒரு வில்வினாடியை எட்டுவதில்லை. 1838-இல் ஜெர்மன் வானியலாளர் பெசல் 61 சிக்னி என்ற விண்மீனுக்கு வில்வினாடியில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான கோணத்தை அளந்து காட்டினார். அந்தப் பொறுமையை நினைத்தால் இன்றும் வியப்பாக இருக்கிறது.

சரி, கணக்குக்கு வருவோம். விதி ஒன்றே ஒன்று: 1-ஐக் கோணத்தால் வகுத்தால் பார்செக் கிடைக்கும். சிரியஸின் கோணம் 0.379 வில்வினாடி. 1 ÷ 0.379 = 2.64 பார்செக். அதை 3.26-ஆல் பெருக்கினால் 8.6 ஒளியாண்டு. இன்று நீங்கள் பார்க்கும் சிரியஸின் ஒளி எட்டரை ஆண்டுகளுக்கு முன் அங்கிருந்து கிளம்பியது.

தூரத்துக்குப் போலவே நிறைக்கும் தனி அளவுகோல் உண்டு. விண்மீன்களைக் கிலோகிராமில் எடைபோடாமல் சூரியனின் நிறையை ஒன்று என்று வைத்துக்கொள்கிறார்கள்; சிரியஸ் சுமார் 2 சூரிய நிறை.

இப்போது உங்கள் முறை. சூரியனுக்கு அடுத்து நமக்கு மிக அருகில் உள்ள விண்மீன் பிராக்சிமா செண்டாரி; அதன் கோணம் 0.768 வில்வினாடி. விடை 4.24 ஒளியாண்டுக்குப் பக்கத்தில் வந்தால் சரியாகப் போட்டிருக்கிறீர்கள்.